படத்தைப் பார்க்கிறோம், படிக்கிறோமா?



கடலூர்ப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வந்துவிட்டால், பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாம் ஒரே கேள்விதான்: "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா?" நான் படித்த காலத்தில் இதற்கு விடை வானொலியில் வரும். இன்று கைப்பேசியில், ஒரு படமாக வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு படம் எங்கள் தெருவுக்கு வந்தது. முத்திரை இருந்தது; தேதி இருந்தது; கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற வாசகமும் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி, ஒன்பதாம் வகுப்பு மாணவன், அதைப் பார்த்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான். அன்று அவன் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மாதிரியைச் செய்தவன் அவன். அது இருந்ததும் அவன் வீட்டில்தான். கூட்டாளிகள் இருவரும் வெறும் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று விடுமுறையே இல்லை! வந்த படம் முந்தைய ஆண்டின் அறிவிப்பு. யாரோ ஒருவர் தேதியை மட்டும் மாற்றி அனுப்பிவிட்டார்.

மாலையில் அவன் வாடிய முகத்தோடு என்னிடம் வந்தான். "படத்தை நல்லாத்தான் பார்த்தேன் சார். எதுவும் தப்பாத் தெரியலையே!" என்றான்.

உண்மைதான். அவன் நன்றாகத்தான் பார்த்தான். ஆனால் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. முன்பின் தெரியாத மொழியில் எழுதிய கடிதத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பொருள் விளங்குமா? படத்துக்கும் ஒரு மொழி இருக்கிறது. அது எண்களின் மொழி. எழுத்தைப் படிக்கக் கற்றுத் தரும் நம் பள்ளிகள், படத்தைப் படிக்கவும் கற்றுத் தர வேண்டும். அதற்கு வேண்டிய கருவி ஒவ்வொரு பள்ளிக் கணிப்பொறியிலும் ஏற்கெனவே இருக்கிறது. உலாவி என்று நாம் அழைக்கும் மென்பொருள்தான் அது. இதுவே இக்கட்டுரையில் என் கட்சி. இனி வாதத்தைக் கேளுங்கள்.

கைலியும் படமும்

கடலூர் மாவட்டத்தில் உள்ள குறிஞ்சிப்பாடி, கைத்தறிக் கைலிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஒரு கைலியைத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். அழகான கட்டங்கள் தெரியும். கண்ணருகே கொண்டுவாருங்கள்; கட்டங்கள் மறைந்து இழைகள் தெரியும். நெசவாளர் கட்டத்தை நெய்வதில்லை. இத்தனை இழை நீலம், இத்தனை இழை வெள்ளை என்று எண்ணி எண்ணித்தான் நெய்கிறார்.

கணிப்பொறித் திரையில் தெரியும் படமும் அப்படித்தான். அது சின்னஞ்சிறு சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரமும் ஒரு படப்புள்ளி; பிக்சல் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அவை சொல்கின்றன. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. சிவப்பும் பச்சையும் 255, நீலம் 0 என்றால் மஞ்சள். 256-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள். 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும்.

1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும், ஒரு புகைப்படத்தை முதன்முதலில் இவ்வாறு எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்குள் செலுத்தினர். படத்தில் இருந்தது கிர்ஷின் கைக்குழந்தை. அகலத்தில் 176 புள்ளிகள், உயரத்தில் 176 புள்ளிகள், மொத்தம் 30,976. இன்று உங்கள் வீட்டுக் கைப்பேசி ஒரு நொடியில் எடுக்கும் படத்தில் ஒரு கோடிப் புள்ளிகளுக்கு மேல் இருக்கலாம். எண்ணிக்கைதான் பெருகியிருக்கிறது, அடிப்படை மாறவில்லை.

விளங்காத ஒன்றைச் 'சிதம்பர ரகசியம்' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். படத்தின் ரகசியம் அப்படிப்பட்டதன்று. திரையை விலக்கினால் உள்ளே இருப்பவை வெறும் எண்கள். கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் அவற்றைத் தொடலாம்.

உலாவி என்னும் ஆய்வுக்கூடம்

திரையை எப்படி விலக்குவது? இணையப் பக்கங்களின் நடுவே படங்களை வைக்கும் வழக்கம் 1993-இல் மொசைக் என்ற உலாவியோடு பரவியது. அப்போது படம் சுவரில் மாட்டிய நாட்காட்டி போல அசையாமல் இருந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரண்டன் ஐக், உலாவிக்குள்ளேயே இயங்கக்கூடிய ஒரு சிறு நிரல்மொழியைப் பத்தே நாட்களில் உருவாக்கினார். அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். அடுத்த ஆண்டே, பக்கத்தில் உள்ள படங்களை எல்லாம் ஒரு பட்டியலாகத் தரும் வசதி நெட்ஸ்கேப் உலாவியில் வந்தது.

அந்தப் பட்டியல் வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேடு போன்றது. எத்தனை படங்கள் இருக்கின்றன என்று கேட்கலாம். ஒவ்வொரு படத்தையும் எண் சொல்லி அழைக்கலாம். ஆனால் முதல் படத்தின் எண் 1 அன்று, 0. "உன் அகலம் என்ன? உயரம் என்ன? எந்த முகவரியிலிருந்து வந்தாய்?" என்று கேட்டால் படம் விடை சொல்லும். முகவரியை மாற்றி எழுதினால், அந்த இடத்தில் வேறு படம் வந்து உட்காரும்.

ஆனால் பட்டியல் வெளிவாசல்தான். புள்ளிகளைத் தொட அது போதாது. 2004-இல் ஆப்பிள் நிறுவனம் 'கேன்வாஸ்' என்ற புதிய உறுப்பைக் கொண்டுவந்தது. பின்னர் எல்லா உலாவிகளும் அதை ஏற்றுக்கொண்டன. இது ஒரு வெற்றுப் பலகை. படத்தை இதன்மேல் வரையச் சொல்லி, "இப்போது எண்களைக் கொடு" என்று கேட்டால், உலாவி ஒரு நீண்ட வரிசையைக் கொடுக்கும். முதல் புள்ளியின் சிவப்பு, பச்சை, நீலம், அதன்பின் அப்புள்ளி எவ்வளவு ஒளி ஊடுருவாதது என்று சொல்லும் நான்காவது எண். பிறகு இரண்டாம் புள்ளியின் நான்கு எண்கள். இப்படியே கடைசிப் புள்ளி வரை.

நமக்கு வேண்டிய புள்ளியை எப்படிப் பிடிப்பது? வரிசை எண்ணைப் படத்தின் அகலத்தால் பெருக்குங்கள். நிரல் எண்ணைக் கூட்டுங்கள். மொத்தத்தை 4-ஆல் பெருக்குங்கள். அவ்வளவுதான். படத்தின் அகலம் 600 புள்ளிகள் என்று கொள்வோம். 200-ஆம் வரிசையில் 300-ஆம் நிரலில் உள்ள புள்ளி வேண்டும். 200 × 600 = 1,20,000. அதனோடு 300 சேர்த்தால் 1,20,300. நான்கால் பெருக்கினால் 4,81,200. பட்டியலில் அந்த இடத்தில் சிவப்பும், அடுத்தடுத்த இடங்களில் பச்சையும் நீலமும் இருக்கும். எல்லாவற்றையும் 0-விலிருந்து எண்ண வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எண் கைக்கு வந்தபின் என்னவும் செய்யலாம். ஒவ்வோர் எண்ணையும் 255-இலிருந்து கழித்தால் பழைய புகைப்படச் சுருளில் தெரிவது போன்ற எதிர்ப்படம் கிடைக்கும். சிவப்பில் 0.299 பங்கும், பச்சையில் 0.587 பங்கும், நீலத்தில் 0.114 பங்கும் எடுத்துக் கூட்டி, மூன்று இடங்களிலும் அதையே வைத்தால் வண்ணப்படம் கறுப்பு வெள்ளைப் படமாகும். பச்சைக்கு ஏன் பெரும்பங்கு? நம் கண் பச்சை ஒளியைத்தான் மிகப் பிரகாசமாக உணர்கிறது. ஒரு வரிச் சூத்திரத்துக்குள் உடலியலும் இயற்பியலும் ஒளிந்திருப்பதைப் பாருங்கள்!

நிறத்திலிருந்து மழைக்கு

"இதெல்லாம் வேடிக்கைதானே, பயன் என்ன?" என்று கேட்பீர்கள். புயல் நாட்களை நினைத்துப் பாருங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் நம் மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தது. அத்தகைய நாட்களில் வானிலைத் துறையின் ரேடார் படங்களை எல்லோரும் இணையத்தில் பார்க்கிறோம். "ஒரே சிவப்பா இருக்கே!" என்று பதறுகிறோம்.

ரேடார் நுண்ணலைகளை அனுப்புகிறது. மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையை அளக்கிறது. அந்த அளவு டெசிபல் கணக்கில் ஓர் எண்ணாகிறது. அந்த எண் 10 கூடினால், எதிரொளிப்பு 10 மடங்கு கூடியது என்று பொருள். நம் கண்ணின் வசதிக்காக அந்த எண்ணுக்கு ஒரு நிறம் பூசுகிறார்கள். எந்த நிறத்துக்கு எந்த எண் என்பதைப் படத்தின் ஓரத்தில் ஒரு நிற அளவுகோலாகவும் தருகிறார்கள். ஆக, முதலில் எண்ணாக இருந்தது நிறமாயிற்று. நிறத்தை மீண்டும் எண்ணாக்க முடியாதா?

முடியும். பத்தாம் வகுப்புக்குள் நீங்கள் கற்கும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவுச் சூத்திரமே போதும். இங்கே இரண்டு அச்சுகளுக்குப் பதில் மூன்று: சிவப்பு, பச்சை, நீலம். சிதம்பரம் இருக்கும் இடத்துப் புள்ளியின் எண்கள் எடுத்துக்காட்டாக 250, 10, 5 என்று கொள்வோம். அளவுகோலில் உள்ள சிவப்பு 255, 0, 0. வேறுபாடுகள் 5, 10, 5. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 150. அளவுகோலில் உள்ள ஆரஞ்சு 255, 165, 0. வேறுபாடுகள் 5, 155, 5. வர்க்கங்களின் கூட்டல் 24,075. எது அருகில் என்று சொல்லவும் வேண்டுமோ? இப்படி அளவுகோலின் ஒவ்வொரு நிறத்தோடும் ஒப்பிட்டு, மிக அருகில் உள்ளதைப் பிடித்தால், சிதம்பரத்துக்கு மேல் இருந்த மேகத்தின் அளவு எண்ணாகவே கிடைத்துவிடும்.

பித்தகோரஸ் தேற்றம் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

பூட்டு எதற்கு?

இதைச் செய்ய முற்படும்போது ஒரு தடை வரும். வேறொரு தளத்திலிருந்து வந்த படத்தை உங்கள் பக்கத்தில் காட்டலாம். பலகையில் வரையவும் செய்யலாம். ஆனால் "எண்களைக் கொடு" என்றால் உலாவி மறுத்துவிடும். பலர் இங்கே சலித்துப்போய்க் கைவிடுகிறார்கள். சலிக்க வேண்டாம். இந்தப் பூட்டு உங்கள் நன்மைக்காகவே போடப்பட்டது.

நீங்கள் உள்நுழைந்திருக்கும் ஒரு தளத்தில், உங்களுக்கு மட்டும் தெரியும் குடும்பப் படங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். அதே நேரத்தில் மற்றொரு தாவலில் முன்பின் அறியாத ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தின் நிரல் உங்கள் படங்களின் முகவரியைக் கொடுத்து, எண்களைச் சுரண்டிக்கொண்டு போக முடிந்தால் என்ன ஆகும்? ஆகவேதான், ஒரு தளத்தின் நிரல் அதே தளத்தின் படத்தை மட்டுமே படிக்கலாம் என்பது விதி. படத்துக்கு உரிய தளம் "மற்றவர்களும் படிக்கலாம்" என்று வெளிப்படையாக அனுமதி தந்தால் மட்டும் பூட்டுத் திறக்கும்.

நமக்கு நேர்வழி ஒன்று உண்டு. படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பக்கத்தில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் ஒன்றை வைத்து, அதன் வழியாக நீங்களே அதை உலாவிக்குக் கொடுங்கள். உங்கள் கையால் கொடுத்த படத்தை உலாவி மறுக்காது. பூட்டை உடைக்கத் தெரிந்தவன் கெட்டிக்காரன் என்று சிலர் எண்ணுகிறார்கள். பூட்டு ஏன் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்பவனே கெட்டிக்காரன் என்பது என் எண்ணம்.

மாறியது எது?

இப்போது பக்கத்து வீட்டுத் தம்பியிடம் திரும்புவோம். ஓர் இணையப் பக்கத்தில் உள்ள படத்தை மாற்ற ஒரே ஒரு வரி நிரல் போதும் என்று பார்த்தோம். அப்படி மாற்றினால் எங்கே மாறுகிறது? உங்கள் கணிப்பொறியில் உள்ள நகலில் மட்டும்தான். மூலப்படம் அதை அனுப்பிய வழங்கிக் கணிப்பொறியில் அப்படியே பத்திரமாக இருக்கிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய படம் திரும்பி வந்துவிடும்.

ஆனால் மாற்றிய திரையை அப்படியே படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினால்? பார்ப்பவர்கள், தளத்திலேயே அப்படி இருந்தது என்று நம்பிவிடுவார்கள். ஆதலால் ஒன்றை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: திரையைப் பிடித்த படம் ஒருபோதும் சாட்சியாகாது. அறிவிப்பு வந்ததா என்று அறிய, அதை வெளியிட்டவரின் பக்கத்துக்கே நேரில் சென்று பார்க்க வேண்டும். தேர்வு முடிவு, மதிப்பெண் பட்டியல், விடுமுறை, வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அன்று மாலை நாங்கள் இன்னொன்றும் செய்தோம். முந்தைய ஆண்டின் உண்மையான அறிவிப்பை ஒரு பழைய செய்திப் பக்கத்தில் தேடிப் பிடித்தோம். இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பலகைகளில் வரைந்தோம். பிறகு புள்ளிக்குப் புள்ளி கழித்தோம். ஒன்றாக இருக்கும் இடத்தில் விடை 0, அதாவது கறுப்பு. வேறுபட்ட இடம் மட்டும் ஒளிரும்.

முதல் முயற்சியில் படம் முழுவதும் மங்கலாகப் புழுதி படிந்தது போலிருந்தது. தம்பி ஏமாந்துபோனான். காரணம் இருக்கிறது. ஜேபெக் என்ற முறையில் சேமிக்கும்போது, படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுட்பங்களைத் தள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை அனுப்பிச் சேமிக்கும்போதும் எண்கள் கொஞ்சம் கொஞ்சம் பிசகுகின்றன. அளவைப் பெரிதாக்கிச் சிறிதாக்கியதிலும் பிசகு சேர்ந்தது. பிஎன்ஜி முறையில் இந்த இழப்பு இல்லை. ஆனால் எங்களுக்குக் கிடைத்தவை ஜேபெக் படங்கள். எனவே, 40-க்குக் குறைந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்று ஒரு வரி சேர்த்தோம்.

புழுதி மறைந்தது. இருண்ட திரையில் ஒரே ஓர் இடத்தில், தேதி இருந்த இடத்தில் மட்டும், வெள்ளை எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக மின்னின. தம்பி நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இதைக் காலையிலேயே செஞ்சிருக்கலாமே சார்!" என்றான்.

எண்களுக்கும் எல்லை உண்டு

எண்கள் கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு உலகமறிந்த சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

நான் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் ரயிலில் போகிறவன். பரங்கிப்பேட்டை கடந்து கிள்ளை வரும்போது கிழக்கே பார்ப்பேன். அந்தத் திசையில்தான் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் சதுப்புநிலக் காடு, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர், விரிந்து கிடக்கிறது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 100 புள்ளிகள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். அப்படியானால் பிச்சாவரம் என்பது ஏறக்குறைய 1,10,000 புள்ளிகள்.

பசுமையான இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை வீசித் திருப்பிவிடும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் பசுமையின் அளவு கிடைக்கும். ஓரிடத்தில் அகச்சிவப்பு 180, சிவப்பு 40 என்றால் 140-ஐ 220-ஆல் வகுக்க வேண்டும்; ஏறத்தாழ 0.64. அது அடர்ந்த இலை. நீருக்கு அகச்சிவப்பு 10, சிவப்பு 30 என்றால் விடை −0.5. இப்படிக் காட்டின் பரப்பைக் கணக்கிடலாம். ஆனால் இணையத்தில் பார்வைக்காக வைக்கும் படங்களில் நிறங்களை எடுப்பாகத் தெரியும்படி இழுத்துவிட்டிருப்பார்கள். அவற்றைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அளவைக்கு வேண்டாம்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அடுத்த ஆண்டே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் இராஜேந்திரனும், பரங்கிப்பேட்டைக் கரையோரத்துச் சிற்றூர்கள் 18-ஐ ஆராய்ந்து, சதுப்புநிலக் காடு உயிர்களைக் காத்தது என்று எழுதினார்கள். அதே 2005 அக்டோபரில், கடலூர் மாவட்டக் கடற்கரையின் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒரு பன்னாட்டுக் குழுவும், மரங்கள் அடர்ந்த இடங்களில் சேதம் குறைவு என்று 'சயின்ஸ்' இதழில் எழுதியது. உலகமே பிச்சாவரத்தைத் திரும்பிப் பார்த்தது.

மறு ஆண்டு, கெர், பேர்ட், கேம்பெல் ஆகிய மூவர் அந்த 18 சிற்றூர்களின் எண்களையே மீண்டும் கணக்கிட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தொலைவு, தரை எவ்வளவு உயரம் என்னும் இரண்டுமே பாதிப்பின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர் கடலிலிருந்தும் தள்ளித்தானே இருக்கிறது? காத்தது மரமா, தொலைவா? எண்கள் அவையே; கேள்வி மாறியது.

இந்த விவாதத்தால் காட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை. மீனுக்கும் இறாலுக்கும் அது தொட்டில். மண்ணை அது பிடித்து நிறுத்துகிறது. 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சர் பட்டியலில் பிச்சாவரம் சேர்க்கப்பட்டது. நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. படத்தை நம்பாதே, எண்ணைக் கேள். எண் கிடைத்தபின் அந்த எண்ணையும் கேள்வி கேள். இதுவே அறிவியலின் வழி.

இரண்டு மறுப்புகள்

"படத்தை மாற்றக் கற்றுத் தந்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பொய்ப்படம் செய்ய இன்று யாருக்கும் படிப்புத் தேவையில்லை. கைப்பேசியில் விரலால் தட்டினால் தேதி மாறிவிடும். சொன்னபடி படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஏமாற்றுபவனுக்குக் கருவி கிடைத்துவிட்டது. ஏமாறாமல் இருப்பதற்குத்தான் கல்வி வேண்டும். நெருப்பைக் கண்டு பயந்து சமையலைக் கற்காமல் விடுவதுண்டா?

"ஆயத்தச் செயலிகள் இருக்கும்போது நிரல் எழுதுவானேன்?" என்பது இரண்டாவது மறுப்பு. எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கம்பியின் தடிமனை மாணவர்கள் திருகு அளவியால் அளக்கிறார்கள். கடையில் கேட்டால் தடிமன் தெரிந்துவிடாதா? தெரியும். ஆனால் தானே அளந்தவனுக்குத்தான் பிழை எங்கே நுழைகிறது என்று புரியும். அந்த 40 என்ற எண்ணைத் தம்பி தானே முயன்று கண்டுபிடித்தான். 10 வைத்தான், புழுதி நின்றது. 100 வைத்தான், தேதியின் ஓரங்களே காணாமல் போயின. ஆயத்தச் செயலி எதுவும் அந்தப் பாடத்தை அவனுக்குத் தந்திராது.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இடம்பெற்றிருக்கிறது. அரசுப் பள்ளிகள் பலவற்றில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் வந்துவிட்டன. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். விலைக்கு மென்பொருள் வேண்டாம். உலாவியும், எழுத்துக்களைத் தட்டச்சு செய்ய ஒரு சாதாரணக் குறிப்பேட்டுச் செயலியும் போதும். வாரத்தில் ஒரு பாடவேளை, அதுவும் கணிப்பொறி ஆசிரியரோடு அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தினால், ஒரு பருவத்துக்குள் ஒவ்வொரு மாணவரும் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம். பதினோராம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பள்ளி தொடங்கும் வரை நீங்களும் காத்திருக்க வேண்டாம். முதலில் உங்கள் வகுப்புத் தோட்டத்துச் செடி ஒன்றின் இலையை வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் சதுரத்தைச் சிவப்பு மையால் நிரப்பி வையுங்கள். பச்சைப் புள்ளிகள் எத்தனை, சிவப்புப் புள்ளிகள் எத்தனை என்று நிரலை எண்ணச் சொல்லுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் இலையின் பரப்பு சதுர சென்டிமீட்டரில் வந்துவிடும். பிறகு வரைகட்டத் தாளில் இலையை வைத்துக் கோடிட்டு, கட்டங்களை எண்ணிச் சரிபாருங்கள். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன? ஏன்? இலையின் நிழலையும் நிரல் பச்சை என்று எண்ணிவிட்டதா? அந்த 'ஏன்' என்ற இடத்தில்தான் உங்கள் உண்மையான பாடம் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் பக்கத்து வீட்டுத் தம்பி அந்தக் கழித்தல் பக்கத்தையே மேசைமேல் வைத்தான். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் பார்க்க வந்த ஓர் அம்மாள் தம் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை நீட்டி, "இது நெசமா பாருப்பா" என்றார். அவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்த்தா மட்டும் தெரியாதும்மா. இதை முதல்ல யார் போட்டாங்க, மூலப்படம் எங்கே இருக்குன்னு தேடலாம் வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

வருகிற மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கும் ஒரு படம் வரும். அதை அடுத்தவருக்கு அனுப்புமுன், அந்தத் தம்பி கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள்.